சாமையும் ஆமையும்

பொங்கலுக்கு மலையேறி வந்த பேரன் ஒரு சின்னப் பெட்டியை என் மடியில் வைத்தான். சோப்பு டப்பா அளவுதான். திறந்தால், கறுப்பு ஸ்பாஞ்சில் குழி வெட்டி இரண்டு உருப்படிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். நல்ல புளியங்கொட்டையைத் தேய்த்தெடுத்த மாதிரி பளபளப்பு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்ன மூக்கு நீண்டிருந்தது. மூக்கின் மேல் ரப்பர் தொப்பி.

“இன்னாடா இது?”

“இயர்போன், தாத்தா. உங்களுக்குத்தான்.”

“எவ்ளோ?”

“சொன்னா திட்டுவீங்க.”

சொன்னான். 18,000 ரூபாய். திட்டினேன்.

திட்டுவதற்கு எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஜவ்வாது மலையில் பிறந்து, பதினெட்டு வயதில் இறங்கிப்போய் வேலூரில் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பத்து வருஷம் கழித்து ஜமுனாமரத்தூரில் சொந்தமாகக் கடை போட்டவன் நான். அது 1979. நாங்கள் மலையாளி ஜனம். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலைக்காரர்கள் என்ற பொருளில் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து ஏறி வந்தோம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மலையில் பல ஊர்களுக்குக் கரண்ட் கிடையாது. பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர்தான் எல்லாம். பொழுது சாய்ந்தால் மீடியம் வேவில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து பேசுவதுபோல விழும். பகலில் எட்டாத அந்த அலையை ராத்திரியில் வானத்தின் மேலடுக்கு திருப்பிக் கீழே அனுப்பும், அதனால். அந்த ரேடியோக்களோடு ஒற்றைக் காதுக்கு ஒரு இயர்போனும் கொடுப்பார்கள். சொருகினால் தகரக் குவளைக்குள் யாரோ உட்கார்ந்து அழுகிற மாதிரி இருக்கும். இயர்போன் என்றால் என் மனதில் அந்தக் குவளைதான். குவளைக்கா 18,000?

பையன் சளைக்கவில்லை. ஒயரைக் காதுக்கு மேலாக வளைத்துப் போட்டு, இரண்டையும் சொருகி, போனில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ வைத்தான். 1986இல் வந்த இசைத்தொகுப்பு அது. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாஹுக்கும் காணிக்கையாக்கியது. அதன் கேசட் என் கடையில் ஓடி ஓடித் தேய்ந்து, அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்தது. எனக்கு மனப்பாடம். ஒரு நிமிஷம் கேட்டேன்.

“தகரம்தான். பணம் தண்டம்.”

அவன் பதில் சொல்லாமல் என் காதைப் பார்த்தான். பெட்டியில் வேறொரு குட்டிப் பை இருந்தது. அதிலிருந்து பெரிய அளவு ரப்பர் தொப்பி ஒன்றை எடுத்து இடது பக்கத்துக்கு மட்டும் மாற்றினான். காது மடலைப் பின்னாலும் மேலாகவும் இழுத்துப் பிடித்துக்கொண்டு சொருகினான். உள்ளே ஏதோ ‘ம்ம்’ என்று அடைத்துக்கொண்டது. வாசலில் கத்திக்கொண்டிருந்த ஆடு நின்றுபோனது. அதன் பிறகு பாட்டுக்குக் கால் முளைத்தது.

பாஸ் கிடாரைச் சொல்கிறேன். வயலின்கள் மேலே என்ன ஓட்டம் ஓடினாலும் கீழே ஒருவர் பொறுமையாக நடந்துகொண்டே இருக்கிறார். நாற்பது வருஷமாக அவர் அங்கேதான் நடந்துகொண்டிருந்திருக்கிறார். நான்தான் சந்தித்ததில்லை.

ஏன் சந்திக்கவில்லை என்பது அன்று ராத்திரியே புரிந்துவிட்டது. நான் பாட்டுக் கேட்டதெல்லாம் கடையில் இருந்த நாலு இஞ்ச் ஸ்பீக்கரிலும், மைக் செட் குழாயிலும். குழாய் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பாஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. குழாய்க்கு அது எட்டாது. ஆனால் புளியங்கொட்டை அளவுச் சாமான் எப்படி அதை எட்டுகிறது? அதுவும் ஒரு தொப்பியை மாற்றியதும் எட்டுகிறது, மாற்றாவிட்டால் எட்டவில்லை! பேரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தொப்பியை விரலில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.

சைக்கிள் பம்பு நினைவுக்கு வந்தது. வாஷர் தேய்ந்த பம்பை மெதுவாக அழுத்தினால் காற்று ஓரத்தில் கசிந்துபோகும், டியூபுக்குள் ஒன்றும் ஏறாது. வெடுக்கென்று அழுத்தினால் கொஞ்சம் ஏறும். ஸ்பீக்கரும் காற்றை அழுத்துகிற பம்புதான். வீட்டு ஹாலில் இருக்கிற அத்தனை காற்றையும் அசைத்து பாஸ் கொடுக்க முறம் அளவுக் கோன் வேண்டும். காதுக் குழாயோ இரண்டரை சென்டிமீட்டர் நீளம், கடைசியில் செவிப்பறையால் மூடியது. அதற்குள் இருக்கிற காற்று ஒரு சொட்டு. அதை அழுத்தச் சட்டைப் பொத்தான் அளவுத் தகடு போதும், வாயில் கசிவு இல்லாதவரை. கசிவு இருந்தால் வெடுக்கென்று அடிக்கிற மேல் சுரங்கள் தப்பிக்கும், மெதுவாக அழுத்துகிற கீழ் சுரங்கள் ஓரமாக வெளியே போய்விடும். என் இடது காது வலதைவிடக் கொஞ்சம் அகலம் என்பது 74 வயதில்தான் எனக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் இரண்டு காதும் ஒரே அளவில் இருப்பதில்லையாம். குழாயும் நேராகப் போவதில்லை, இரண்டு இடத்தில் வளைகிறது. நல்ல இயர்போனின் மூக்கு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, உடல் காதின் கிண்ணத்தில் எங்கே உட்காருகிறது என்பதற்கெல்லாம் அத்தனை மெனக்கெடுவது அந்த வளைவுக்காகத்தான். மேடைப் பாடகர்கள் காதில் மெழுகுபோல ஒரு பசையை ஊற்றி அச்செடுத்து, தங்கள் காதுக்கென்றே வார்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.

கசிவினால் இன்னொரு கேடும் உண்டு. கீழ் சுரம் வெளியே போகிற அதே ஓட்டை வழியாக வெளிச்சத்தம் உள்ளே வருகிறது. பஸ் இரைச்சல், மிக்சி, ஆடு. மனுஷன் என்ன செய்வான்? வால்யூமைக் கூட்டுவான். பாட்டில் குறைந்தது சத்தம் இல்லை, அடைப்பு. அது தெரியாமல் சத்தத்தைத் திருகிக்கொண்டே போவான். நான் என் ஆயுசில் பாதியை அப்படித் திருகிக் கழித்தவன், அதனால் இது எனக்குச் சுருக்கென்று பட்டது.

என் அப்பாவுக்கு ரேடியோ தெரியாது, ஆனால் இது தெரியும். தேன் எடுக்கப் போவார். மரப்பொந்தில் தேனீ இருக்கிறதா என்று பார்க்க ஒரு காதை மரத்தின் உடம்பில் அழுத்தி ஒட்டுவார், மறு காதை விரல் விட்டு அடைத்துக்கொள்வார். என்னையும் அப்படி நிற்க வைத்திருக்கிறார். முதலில் ஒன்றும் கேட்காது. என் நெஞ்சு அடிப்பது கேட்கும். அது அடங்கினால், வெகு தூரத்தில் தம்பூரா மீட்டுவதுபோல ஒரு ரீங்காரம். காட்டில் அத்தனை பூச்சி, அத்தனை பறவை. அவற்றையெல்லாம் கத்தாதே என்று சொல்ல முடியாது. ஒட்டி நிற்கலாம், மறு காதை அடைக்கலாம், அவ்வளவுதான்.

மறுநாள் பேரனை உட்கார வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். படம் காட்டினான். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று ஸ்பீக்கர். ஒன்று நமக்குப் பழகின ஜாதி: காந்தம், காயில், அதன் மேல் ஒரு மெல்லிய தகடு. 10 மில்லிமீட்டர். அது கீழ் சுரத்துக்கு. மற்ற இரண்டும் வேறு ஜாதி. இரண்டு நெல்மணியை ஒட்டி வைத்த அளவுத் தகரப் பெட்டி. அதற்குள் இரண்டு காந்தங்களுக்கு நடுவே, எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு இரும்பு நாக்கு. சுற்றியிருக்கிற காயிலில் கரண்ட் ஓடினால் நாக்கு மேலும் கீழும் நடுங்கும். நாக்கில் ஒரு ஊசி, ஊசியின் முனையில் ஒரு சவ்வு. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்று பெயர். படத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இது காது கேளாதவர்கள் வைத்துக்கொள்ளும் மெஷினுக்குள் இருப்பது! அப்படி ஒன்றை வேலூர்க் கடையில் பிரித்து, திரும்ப மூடத் தெரியாமல் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதன் வம்சம் வேடிக்கையானது. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்றொருவர், கோயில் கூட்டத்தில் பிரசங்கம் சரியாகக் காதில் விழவில்லை என்ற குறையில் ஆரம்பித்து, வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹெட்போன் செய்தார். அந்த நாட்டுக் கடற்படை வாங்கிக்கொண்டது. 1946இல் சிகாகோவில் ஹ்யூ நோல்ஸ் தொடங்கிய கம்பெனி, காது கேளாதோர் கருவிக்கென்று இந்தச் சின்னப் பெட்டிகளைச் செய்து குவித்தது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த மீட் கில்லியன் வெளியே வந்து 1983இல் எட்டிமோட்டிக் ரிசர்ச் என்று ஒன்றைத் தொடங்கினார். அந்தப் பெயருக்குக் ‘காதுக்கு உண்மையானது’ என்று அர்த்தம் வைத்தார். 1991இல் அவர்கள் விட்ட இஆர்-4 தான் நல்ல பாட்டுக்கென்று வந்த காதுக்குள் சொருகும் இயர்போன்களுக்கு மூத்தது. ஆக, இந்தப் புளியங்கொட்டையின் தாத்தா ஒரு செவிட்டு மெஷின். இது தெரிந்த பிறகு அதன் மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது.

நாலு வருஷம் கழித்து, 1995இல், ஜெர்ரி ஹார்வி என்ற சவுண்ட் என்ஜினியர் அலெக்ஸ் வான் ஹேலன் என்ற டிரம்ஸ்காரருக்கு இதேபோல ஒன்றைச் செய்துகொடுத்தார். மேடைக் கச்சேரியில் என்ன நடக்கும் என்றால், பாடகர் முன்னால் சாய்த்து வைத்த ஸ்பீக்கரில் தன் குரல் கேட்கவில்லை என்று சத்தம் கூட்டச் சொல்வார். அதனால் கிடார்காரருக்குத் தன் கிடார் கேட்காது. அவரும் கூட்டச் சொல்வார். டிரம்ஸ்காரர் இன்னும் ஓங்கி அடிப்பார். கடைசியில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது, எல்லோருக்கும் காது போகும். காதை அடைத்து, அவரவருக்கு வேண்டியதை மட்டும் மெல்லிசாக உள்ளே விட்டால் இந்தச் சண்டை தீர்ந்தது.

இந்தச் சண்டையை நான் அறிவேன். ரேடியோவில் வயிறு நிறையாது என்று 1984இல் மைக் செட் போட்டேன். இரண்டு குழாய், ஒரு ஆஹுஜா ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்ட் பிளேயர், சீரியல் லைட். மாரியம்மன் திருவிழா, காதுகுத்து, கல்யாணம். பலா மரத்து உச்சியில் குழாயைக் கட்டினால் அடுத்த மலைக்குப் பாட்டுப் போகும். போக வேண்டும்; போகாவிட்டால் பணம் பேசியவர் முறைப்பார். ஒருமுறை ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம். எதிர்த் தெருவில் கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு செட். அவன் ஒரு திருப்பு திருப்ப, நான் ஒரு திருப்பு. ‘தளபதி’ வந்த வருஷம் என்று ஞாபகம், 1991. இரண்டு பேரும் அந்தப் படத்துப் பாட்டையேதான் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரே பாட்டு, அரை நிமிஷம் முன்னே பின்னே. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஊர்க்கவுண்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு ஒயரையும் பிடுங்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு காதில் ஒரு விசில் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று நாள் அடித்தது. காதுக்கு ஓய்வு கொடு என்று உடம்பு எழுதின கடிதம் அது. நான் பிரிக்கவில்லை.

இருபத்தைந்து வருஷம் குழாயின் வாயருகே காதை வைத்து ‘ஹலோ, ஒன், டூ’ சொன்னவனுக்கு 2011இல் வேலூரில் காது டெஸ்ட் எடுத்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்றார்கள். முடிந்ததும் ஒரு கட்டத்தாளைக் காட்டினார்கள். கோடு சமவெளியாகவே போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் எங்கள் பீமன் அருவி மாதிரி விழுந்திருந்தது. சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் விழுமாம். உள்காதில் மயிர் மாதிரி ஏறக்குறைய 15,000 அணுக்கள் இருக்கின்றன, செத்தால் மனுஷனுக்கு மறுபடி முளைக்காது என்று டாக்டரம்மா சொன்னார்கள். பறவைக்கு முளைக்குமாம். மைனாவுக்கு இருக்கிற வசதி மைக் செட்காரனுக்கு இல்லை.

கீழ் சுரமெல்லாம் எனக்கு இன்றும் நன்றாகக் கேட்கும். பலாப்பழத்தைத் தட்டி, பழுத்ததா காயா என்று சொல்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. போனது மேல் சுரம். தமிழில் அது எங்கே இருக்கிறது என்றால் சகரத்தில், தகரத்தில், ககரத்தில். உயிரெழுத்தெல்லாம் கேட்கும், மெய்யெழுத்துக் காணாமல் போகும். ஒருநாள் என் வீட்டம்மா உள்ளேயிருந்து, “இன்னாங்க, சாமை வெயில்ல காயுது, போய்ப் பாருங்க” என்றாள். நான் களத்துக்குப் போய்த் திண்ணைக்கு அடியில், விறகுக் கட்டுக்குப் பின்னால் எல்லாம் ஆமையைத் தேடினேன். கோழிகள் சாமையை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

தினமும் சிரிக்க முடியுமா? சொன்னதையே மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தால் யாருக்கும் குரல் ஏறும். அவள் குரல் ஏறினதும், ஏன் அதட்டுகிறாய் என்று என் குரலும் ஏறும். பத்து வருஷத்தில் எங்கள் வீடு எதிரெதிரே கட்டின இரண்டு மைக் செட் ஆகிவிட்டது. ஒயரைப் பிடுங்க ஊர்க்கவுண்டர் வரவில்லை.

இயர்போனுக்கு வருகிறேன். தரம் என்பது எங்கே இருக்கிறது என்று பேரனும் நானும் நாலு நாள் வாதாடினோம். அவன் நண்பர்கள் சிலர் ஒயரையே பல ஆயிரத்துக்கு வாங்குகிறார்களாம், வெள்ளிக் கம்பி என்று. ஒரு மீட்டர் கம்பியில் சுரம் மாறும் என்று சோல்டரிங் அயர்ன் பிடித்த எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். லட்ச ரூபாய்க்கும் இயர்போன் இருக்கிறது. என் கணக்கில், ஒரு அளவுக்கு மேல் கொடுக்கிற பணம் கூட்டுக்கும் பெட்டிக்கும் பெருமைக்கும். ஆனால் அந்த அளவுக்குக் கீழே வித்தியாசம் உண்டு, அதை மறுக்கக் கூடாது. மலிவான இயர்போன்களில் பாஸை மட்டும் தூக்கி வைத்துவிடுகிறார்கள். காபித்தூள் மட்டமாக இருந்தால் சர்க்கரையை அள்ளிப் போடுகிற டீக்கடை வித்தை. முதல் வாய்க்கு நன்றாக இருக்கும். அரை மணி கேட்டால் தலை கனக்கும், பாடுகிறவர் போர்வைக்குள்ளிருந்து பாடுவார்.

சுருதி சேர்ப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதை அறிந்தபோது தொழில்காரனாக நான் கையெடுத்துக் கும்பிட்டேன். காதுக் குழாய் ஒரு பக்கம் திறந்த புல்லாங்குழல் மாதிரி. அதற்கென்று ஒரு சுரம் உண்டு. 3,000 ஹெர்ட்ஸுக்கு அருகில். பிறந்ததிலிருந்து நாம் கேட்கிற எல்லாவற்றிலும் அந்த இடத்தைக் காது தானே கொஞ்சம் தூக்கிக் கொடுத்திருக்கிறது. மூளைக்கு அதுதான் இயல்பு. இயர்போனைச் சொருகி வாயை மூடினால் அந்தச் சுரம் கெட்டுப்போகிறது. எனவே செய்கிறவன், தான் பறித்ததைத் தானே திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் அளவாக ஒரு மேடு வைக்க வேண்டும். குறைந்தால் குரல் பின்னால் போகும், கூடினால் குத்தும். அந்த மேட்டைச் சரியாக வைக்கத்தான் உள்ளே பிசிறு பிசிறாக வலையும், ஊசி நுழையாத துளையும், மூன்று ஸ்பீக்கருக்கு நடுவே பாகப்பிரிவினையும். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல் ஜோடி சேர்க்க வேண்டும். பிசகினால் நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். இந்த வேலைக்குத்தான் காசு.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். சத்தம் முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்தா, மேலிருந்தா கீழிருந்தா என்பதைப் பெரும்பாலும் காது மடலின் மடிப்புகள்தான் மூளைக்குச் சொல்கின்றன. இயர்போன் மடலைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. அதனால் எத்தனை விலை கொடுத்தாலும் கச்சேரி மண்டைக்குள்தான் நடக்கிறது, எதிரே நடப்பதில்லை. எதிரே உட்கார்ந்து கேட்கிற நாதசுரத்துக்கு அது ஈடாகாது. இன்னொன்று, எனக்கு வயர் வைத்ததுதான் பிடிக்கிறது. வயர் அறுந்தால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். புளூடூத் வைத்ததில் பேட்டரியை உள்ளே வைத்துப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். சில வருஷத்தில் பேட்டரி செத்தால் மொத்தமும் குப்பை. பிரிக்க முடியாத சாமானை நான் சாமானாகவே மதிப்பதில்லை. சாலையில் நடக்கும்போது இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு போகிற பிள்ளைகளைப் பற்றி எழுதினால் கட்டுரை திசை மாறிவிடும், விடுகிறேன்.

போனில் ஒரு சோதனை வைத்தான் பேரன். ஊசி மாதிரி ஒரு ஒலி மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், கேட்பது நின்றால் கை தூக்க வேண்டும். நான் 6,000இல் தூக்கினேன். அவனுக்கு 17,000 வரை கேட்டது. அவன் ஜால்ரா மினுங்குகிறது என்று சொல்கிற இடத்தில் எனக்கு மௌனம். ஆகவே அந்த மினுக்கத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் அவன் கேட்கிற அளவைப் பார்த்துச் சத்தம் போட்டேன். வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம், 80 டெசிபல் இருந்தால். அதுவே 90 ஆனால் 4 மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. பத்து ஏறினால் நேரம் பத்தில் ஒன்று. என்னிடம் இந்தக் கணக்கைச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை, இருந்தாலும் குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. ரப்பர் தொப்பியைச் சரியாக மாற்றினால் அவனும் குறைத்து வைத்தே கேட்கலாம் என்று அவனுக்கே திருப்பிச் சொன்னேன். வலது காதுக்கு ஒரு அளவு சின்னதை மாட்டிக்கொண்டிருந்தான், ஊருக்கெல்லாம் சொல்கிற பிள்ளை.

ராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது வழக்கமாயிற்று. காவலூர்ப் பக்கம் வானம் கன்னங்கரேலென்று இருக்கும். அந்த இருட்டைத் தேடித்தான் வானியலாளர் வைணு பாப்பு இந்த மலைக்கு வந்தார். 725 மீட்டர் உயரத்தில், ஆலங்காயத்துக்கு மேலே காட்டுக்குள், 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் ஆரம்பித்தார்கள். 1972இல் 1 மீட்டர் வந்தது. 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி 1986இல் வந்து திறந்தபோது பாப்பு உயிரோடு இல்லை; அவர் பெயரை வானாய்வகத்துக்கு வைத்தார்கள். நான் பாப்புவைப் பார்த்ததில்லை. அங்கே வேலை பார்த்த ஒருவர் தன் டிரான்சிஸ்டரை ரிப்பேருக்குக் கொண்டுவருவார். நட்சத்திரத்தை எப்படிச் சார் பெரிசாக்கிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். பெரிசாக்குவது கிடக்கட்டும், முதலில் டவுன் வெளிச்சம் வரக் கூடாது என்றார். அப்போது அது எனக்கு வழவழவென்று பட்டது. இப்போது திண்ணையில் இயர்போனைச் சொருகி, பாட்டை இன்னும் தொடங்காமல் ஒரு நிமிஷம் சும்மா இருக்கிறேன். தவளை தூரப் போகிறது. டிவி தூரப் போகிறது. அந்த அடைப்பில் மட்டும் இருபது டெசிபலுக்கு மேல் வெளிச்சத்தம் குறைகிறதாம். பிறகு பாட்டு வரும்போது வால்யூம் கோடு கால்வாசியில் நின்றாலே போதுமாக இருக்கிறது. வயலினில் வில் திரும்புகிற இடம் தெரிகிறது. பாடுகிறவர் மூச்சு இழுப்பது தெரிகிறது. இதெல்லாம் சத்தம் போட்டு வாங்க முடியாத சமாச்சாரங்கள்.

வீட்டம்மாவுக்கும் மாட்டிப் பார்த்தோம். அவள் காதுக்கு எல்லாவற்றிலும் சின்னத் தொப்பி. பி. சுசீலா பாட்டு ஒன்றை வைத்தான் பேரன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள், திடீரென்று, “நல்லாத்தாங்க கீது! தேனாட்டம் கீது!” என்று கத்தினாள். பாட்டுக் கேட்டுக்கொண்டே பேசினால் தன் குரல் தனக்குக் கேட்காது, குரல் தானாக ஏறிவிடும். இன்னாவோ ஆயிடுச்சு என்று பக்கத்து வீட்டுப் பெண் மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

பேரன் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், என் போனில் ஏதோ செட்டிங் செய்தான். நான் கை தூக்கின இடங்களை வைத்து, எனக்குக் குறைகிற மேல் சுரத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிற வசதி. அமெரிக்காவில் 2024 செப்டம்பரில், இயர்போனையே காது மெஷினாக மாற்றும் மென்பொருள் ஒன்றுக்கு அரசாங்கமே அனுமதி கொடுத்திருக்கிறதாம். செவிட்டு மெஷினில் பிறந்தது, பாட்டுக்கு வாக்கப்பட்டுப் போய், கடைசியில் தாய் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரனின் அப்பன். ஓசூரில் ஒரு ஃபாக்டரியில் இருக்கிறான். பத்தொன்பது வயதில் மைக் செட் வேலை வேண்டாம் என்று போனவன். அன்றைக்குக் கடையில் குழாயை டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். அவன் வாசலில் நின்று ஏதோ சொன்னான். நான் பாட்டை நிறுத்தவில்லை. அதற்கு மேல் கத்தி, போனா போ என்றேன். அவன் என்ன சொன்னான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு கல்யாணம், பிள்ளை, போக்குவரத்து எல்லாம் உண்டு. போனில் பேசுவோம். எனக்குக் கேட்காது, நான் கத்துவேன், அவன் சரிப்பா சரிப்பா என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவான். பேரன் மட்டும்தான் மலையேறி வந்துகொண்டிருந்தான்.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி மகன் கூப்பிட்டபோது இயர்போன் காதில் இருந்தது. எடுத்தேன். பாட்டு ஓடாதபோது காதை அடைத்துக்கொண்டு பேசினால் நம் குரல் நமக்கே உள்ளே குகையில் பேசுவதுபோல முழங்கும். அதனால் தானாகவே அடக்கிப் பேசிவிடுவோம். நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன் போல. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“இன்னாப்பா, உடம்பு சரியில்லியா? மெதுவா பேசற.”

“இல்லப்பா. நல்லாத்தான் கீறேன். நீ சொல்லு.”

அவன் உடனே வைக்கவில்லை. அங்கே ஃபேன் ஓடுவது கேட்டது, அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது. மழை எப்படி, கீழ்க்காட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். பிறகு,

“சாமை அடிச்சு முடிஞ்சுதாப்பா?” என்றான்.

சாமை என்றுதான் காதில் விழுந்தது.